நெருப்புப் பெட்டிக்குள் இருந்த சைபர்

என் முன்னால் மேசையில் மூன்று நெருப்புப் பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் குச்சிகள் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி நீல மையால் பெயர் எழுதியிருந்தோம்: ‘நாள்’, ‘இன்று’, ‘கூடினது’.

மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேற்றர் நின்றுபோய் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் மணம் மட்டும் இன்னும் யன்னலுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. என் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பின்னால் நின்ற ஸ்ரெல்லா குனிந்து காதுக்குள் சொன்னாள்.

“பயப்பிடாதை. இப்ப நீ நீயில்லை. நீ கொம்பியூட்டர்.”

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில் மலேரியாக் காய்ச்சலைப் பற்றி எழுதியபோது, ‘கலா ரீச்சருக்கும் காய்ச்சல் வந்ததால் நாங்கள் மூன்று பேரும் தனியாகவே போட்டிக்குப் போனோம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். என்ன போட்டி என்று மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கணினிக்குப் புரோகிராம் எழுதும் போட்டி. பாடசாலைகளுக்கிடையில், புதுக்குடியிருப்பில் நடந்தது. மின்சாரம் என்றால் என்னவென்று எங்கள் தம்பி தங்கைகளுக்குத் தெரியாத காலத்தில். சிரிக்காமல் படியுங்கள்.

அட்டையில் ஒரு கணினி

முள்ளியவளையில் எங்கள் பாடசாலையில் கணினி இல்லை. கணினி வகுப்பு மட்டும் இருந்தது.

கலா ரீச்சர் கணிதம் படிப்பித்தவர். இடம்பெயர்ந்து வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் கணினி பழகியிருந்தார். வரும்போது கொண்டுவந்த இரண்டு பையில் ஒன்றில் ‘பேசிக்’ என்ற கணினி மொழிப் புத்தகம் இருந்தது. அதை வைத்துத்தான் வகுப்பு. உயர்தர வகுப்பில் படித்த பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஒரு மாதத்தில் மூன்று பேர் மிஞ்சினோம்.

சுகந்தி எங்களில் கெட்டிக்காரி. அவளுடைய குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தகப்பன் முள்ளியவளையில் வயல் செய்தார். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பாள். பிறகு எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். புரோகிராம் எழுதுவது அவள் வேலை.

ஸ்ரெல்லா முள்ளிவாய்க்கால்காரி. தகப்பனுக்குக் கடற்தொழில். கிழமை நாட்களில் முள்ளியவளையில் மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். தட்டச்சு அவளுடைய வேலை. எதில் தட்டுவது? ரீச்சர் சீமெந்துப் பை மட்டையில் விசைப்பலகை ஒன்றைக் கீறி, கட்டம் கட்டமாக எழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஸ்ரெல்லா அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தட்டுவாள். வலை இழுத்துப் பழகிய கை. அட்டையில் ‘ஏ’ இருந்த இடம் இரண்டு மாதத்தில் ஓட்டையாகிவிட்டது.

மூன்றாவது ஆள் நான். எனக்குப் புரோகிராம் எழுதவும் வராது, வேகமாகத் தட்டவும் வராது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. ரீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழும்பி நின்று மேசையையே பார்ப்பேன்.

ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வேன். ஆகவே என்னைக் கணினி ஆக்கினார்கள்.

யோசித்தால் அடி

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

சுகந்தி தாளில் புரோகிராம் எழுதுவாள். வரி வரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டளை. அது சரியா பிழையா என்று பார்க்க உண்மையான கணினி இல்லை. நான் அந்தத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து, அது சொல்வதை அப்படியே செய்துகொண்டு போவேன். கணினி எண்களை ஞாபகத்தில் வைக்கும் இடத்துக்குப் பதிலாக எனக்கு நெருப்புப் பெட்டிகள். ‘இந்தப் பெட்டியில் ஐந்தைப் போடு’ என்று வரி சொன்னால் ஒரு துண்டுத் தாளில் ஐந்து என்று எழுதி உள்ளே வைத்து மூடுவேன். ‘அதைவிடப் பெரிய எண் வந்தால் மாற்று’ என்றால் பெட்டியைத் திறந்து, பழைய துண்டை எறிந்துவிட்டுப் புதியதை வைப்பேன். கடைசி வரி ‘சொல்லு’ என்றால் பெட்டியில் இருப்பதைச் சொல்வேன்.

வெற்று நெருப்புப் பெட்டி சேர்ப்பது அப்போது லேசான காரியமில்லை. போரால் எங்கள் பக்கத்துக்குப் பொருட்கள் வராத தடைக் காலம். ஒரு குச்சியை பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்கிப் பாவித்த வீடுகள் உண்டு. பெட்டி முடிய மாதக் கணக்காகும். ஸ்ரெல்லா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் சங்கிலித்தாமிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்தாள். மெழுகுவர்த்தி வாசம் அடிக்கும் அந்தப் பெட்டிதான் பின்னர் ‘கூடினது’ ஆனது.

ஒருநாள் சுகந்தி எழுதிய புரோகிராமில் ஒரு சின்னப் பிழை. ஓட்டிக்கொண்டு போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினாள் என்று நினைத்து, பெட்டியில் இருந்த பிழையான விடையைச் சொல்லாமல் சரியான விடையைச் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷத்தோடு ரீச்சரிடம் கொண்டுபோனாள். ரீச்சர் ஒரு பார்வை பார்த்தார். “இதை ஆர் ஓட்டினது?” என்றார்.

வெளியே வந்ததும் ஸ்ரெல்லா கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து என் புறங்கையில் ஒன்று போட்டாள். நல்லாக நொந்தது.

“அடியேய், உனக்கு ஆர் யோசிக்கச் சொன்னது? யோசிக்கிறதுக்கு அவள் இருக்கிறாள். நீ யோசிச்சியெண்டால் நாங்கள் துலைஞ்சம்.”

“பிழையெண்டு தெரிஞ்சதடி...”

“தெரிஞ்சால்? பிழையெண்டால் பிழையைச் சொல்லு. கொம்பியூட்டருக்கு இரக்கம் இருக்கோ? சத்தியம் பண்ணு, இனி யோசிக்க மாட்டனெண்டு.”

“உங்கட சாமியிலயோ எங்கட சாமியிலயோ?” என்று கேட்டேன். சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் இரண்டு சாமியிலும் சத்தியம் வாங்கினாள் ஸ்ரெல்லா.

அன்றிலிருந்து நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. எனக்கு அது பிடித்தும் இருந்தது. என்னிடம் யாரும் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்க மாட்டார்கள். பெட்டியில் இருப்பதைச் சொன்னால் போதும்.

மட்டையும் சைக்கிளும்

போட்டியில் முதலாவதாக வரும் அணிக்கு, புதுக்குடியிருப்பில் தங்கி ஆறு மாதம் கணினி படிக்க மூன்று இடங்கள் என்று அறிவித்திருந்தார்கள். உண்மையான கணினி. ஓட்டை விழாத விசைப்பலகை.

ஸ்ரெல்லாவுக்கு அந்த இடம் வேண்டும். எங்களுக்கும் ஆசைதான், ஆனால் அவளுக்கு அது பசி மாதிரி. அவளுடைய அம்மா கண்டிப்பான மனிசி. கரையில் கருவாடு போடும் பெண்கள் எல்லோருக்கும் அவாவின் சொல்தான் சட்டம். மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாவாம்:

“முதலாவதா வந்தியெண்டால் போ. இல்லாட்டி இந்தக் கதை இதோட முடிஞ்சுது. பாயில மீனைப் பிரட்டிக்கொண்டு இஞ்ச இரு.”

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ரீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு எங்களுக்குச் சொன்ன புத்திமதி, “தண்ணி கொதிக்க வைச்சுக் கொண்டுபோங்கோ” என்பது மட்டும்தான்.

விடியப் புறப்பட்டோம். மூன்று பேருக்கு இரண்டு சைக்கிள். வற்றாப்பளை தாண்டி, கேப்பாப்பிலவு வழியாக. மணல் கண்ட இடங்களில் இறங்கி உருட்ட வேண்டும். ஸ்ரெல்லா என் பின்கரியரில் இருந்துகொண்டு மடியில் அட்டையை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“போதுமடி, அட்டை செத்துப்போச்சு” என்றாள் சுகந்தி.

“செத்தாலும் பரவாயில்லை, கை மறக்கக் கூடாது.”

என் சட்டைப் பைக்குள் மூன்று பெட்டிகளும் கடகடவென்று ஆடின. அவற்றை ஏன் எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியாது. அங்கேதான் உண்மையான கணினி இருக்கிறதே.

அட்டையில் இல்லாத ஒன்று

போட்டி நடந்தது ஓலைக் கூரை போட்ட நீள மண்டபத்தில். பக்கத்தில், குண்டு விழுந்தால் பதுங்க மரக்குற்றி அடுக்கிய பங்கர். மண்டபத்தின் ஒரு மூலையில் மேசை விரிப்புப் போட்டு நான்கு கணினிகள். எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு தடவை. கணினியில் தட்டி ஓட்ட அணிக்கு இருபது நிமிடம்.

ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணியதும் திரை பச்சையாக ஒளிர்ந்தது. ஸ்ரெல்லா சிலுவை போட்டுக்கொண்டு விசைப்பலகையில் கை வைத்தாள்.

முதல் வார்த்தை ‘பிரிண்ட்’. ஆங்கில எழுத்தில் ‘பீ’யை அழுத்தினாள். திரையில் ஒரு ‘பீ’ வரவில்லை. பத்துப் பதினைந்து ‘பீ’ வரிசையாக ஓடியது.

“என்னடி இது!” என்று கையை எடுத்தாள். அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி ஒரு வரிசை.

அட்டையில் எழுத்தை எவ்வளவு நேரம் அமத்தி வைத்தாலும் ஒன்றும் நடக்காது. உண்மையான கணினியில், விரலை எடுக்காவிட்டால் எழுத்து வந்துகொண்டேயிருக்கும். ஸ்ரெல்லா ஒவ்வொரு எழுத்தையும் கயிறு பிடிப்பதுபோலப் பிடித்து வைத்திருந்தாள். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரீச்சருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரிந்திருக்காது.

பக்கத்துக் கணினியில் புதுக்குடியிருப்புப் பெடியன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சொந்த ஊர்க்காரர், சனிக்கிழமைகளில் இதே கணினிகளில் பழகியவர்கள்.

“அக்கா, அது கணினி, அம்மியில்லை” என்றான் ஒருவன்.

ஸ்ரெல்லாவின் காது சிவந்துவிட்டது. சுகந்தி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, “சூடான சட்டியைத் தொடுற மாதிரித் தொடு” என்றாள். தொட்டாள். ஒரு ‘பீ’ வந்தது. பிறகு எல்லா எழுத்தையும் சுட்டது போலத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தாள். பார்ப்பதற்குக் கோழி கொத்துவது மாதிரி இருந்தது. ஆனால் தாளில் எழுதி, பெட்டியில் ஓட்டிப் பார்த்த புரோகிராம். ஒரு பிழைகூட இல்லாமல் முதல் தடவையிலேயே ஓடியது.

சுற்று முடிவில் புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். எங்களுக்கு எல்லோரையும்விட ஒரு புள்ளி கூட. புதுக்குடியிருப்புப் பெடியன்கள் இரண்டாவது. விசுவமடுவிலிருந்து வந்த அணி மூன்றாவது. இந்த மூன்று அணிக்கும் இறுதிச் சுற்று.

எங்களிட்ட ஒண்டு இருக்கு

நடுவர் உயரமான மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூலால் கட்டியிருந்தது. கரும்பலகையில் இறுதிக் கேள்வியை எழுதினார்.

ஏதாவது ஓர் ஊரின் வெப்பநிலையை ஏழு நாளைக்குத் தருவோம். ஆகக் கூடிய வெப்பநிலை எது என்று சொல்ல வேண்டும்.

“சின்னக் கேள்விதான்” என்றார். “ஆனால் எந்த ஊரெண்டாலும் சரியாச் சொல்ல வேணும்.”

சுகந்தி கூரையைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு லேசு. ‘கூடினது’ என்ற பெட்டியில் தொடக்கத்தில் சைபரை, அதாவது பூச்சியத்தை, போடு. ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் அதோடு ஒப்பிடு. கூட இருந்தால் பெட்டியில் மாற்று. ஏழு நாளும் முடிந்ததும் பெட்டியில் இருப்பதைச் சொல்லு.

நான் ஓட்டிப் பார்த்தேன். முப்பது, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது, முப்பத்தைந்து... எங்களுக்குத் தெரிந்த வெப்பநிலைகள் அவைதான். விடை சரி. இன்னொரு தடவை ஓட்டினேன். சரி.

நேரம் முடிந்ததும் நடுவர் ஒவ்வொரு தாளிலும் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார். இனி ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. தட்டச்சுத் தொடங்க வேண்டிய நேரத்தில் ஜெனரேற்றர் இருமியது. இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. திரைகள் கறுத்தன.

ஓடிப்போய்ப் பார்த்தவர் கையெல்லாம் எண்ணெயோடு திரும்பி வந்தார். “மண்ணெண்ணெயில கசடு சேர். கழுவிப் பூட்ட ரெண்டு மணித்தியாலமாவது வேணும்.”

நடுவருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் இடையில் குசுகுசுப்பு. தூர ஊர்ப் பிள்ளைகள் இருட்டுமுன் போக வேண்டும். போட்டியை ஒத்திவைப்பதா?

ஸ்ரெல்லா கையைத் தூக்கினாள்.

“சேர், எங்களிட்ட ஒரு கொம்பியூட்டர் இருக்கு.”

“என்ன?”

“இவள்தான்” என்று என் தோளில் கை வைத்தாள். “மண்ணெண்ணெய் வேண்டாம். தண்ணி மட்டும் குடிப்பாள்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பக்கத்திலிருந்த பங்கருக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது. ஸ்ரெல்லா என் சட்டைப் பையிலிருந்து பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, அவை எதற்கு என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினாள். நடுவர் சிரிக்காமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லது. எல்லா அணியும் அப்பிடியே செய்வம். ஒரு ஆள் உங்கட தாளைப் பாத்து ஓட்டி விடையைச் சொல்லட்டும். எண்கள் நான் தாறன்.”

குளிர் ஊரின் கணக்கு

நடுவர் சட்டைப் பையிலிருந்து மடித்த நீலக் கடிதம் ஒன்றை எடுத்தார்.

“என்ர அண்ணா இருக்கிற ஊர். ஒரு கிழமை முழுக்க எவ்வளவு குளிரெண்டு ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார். இதுதான் எண்கள். சய ஐந்து. சய பன்னிரண்டு. சய மூன்று. சய எட்டு...”

‘சய’ என்றால் சைபருக்குக் கீழே. கணித பாடத்தில் படித்திருந்தோம். ஆனால் சைபருக்குக் கீழே ஒரு ஊர் இருக்கும், அங்கே சனம் எழும்பி வேலைக்குப் போகும் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதுவரை நான் ஐஸ் கட்டியைத் தொட்டதுகூட இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு வவுனியாவில் ஒரு குளிர்பானக் கடையில்தான் முதன்முதலாகத் தொட்டேன். சுட்டது என்று கையை உதறினேன்.

முதலில் புதுக்குடியிருப்புப் பெடியன்கள். அவர்களுடைய ஆள் தாளில் விரலை வைத்து வாய்க்குள் முணுமுணுத்தான். “சய மூன்று” என்றான். சரி. கைதட்டினார்கள். விசுவமடு அணி இடையில் குழம்பி நிறுத்திவிட்டது.

பிறகு நான்.

முதல் வரி: ‘கூடினது’ பெட்டியில் சைபரைப் போடு. சைபர் என்று எழுதி வைத்து மூடினேன்.

முதல் நாள், சய ஐந்து. ‘இன்று’ பெட்டியில் போட்டேன். சய ஐந்து சைபரைவிடக் கூடவா? இல்லை. ‘கூடினது’ பெட்டியைத் தொடக் கூடாது.

இரண்டாம் நாள், சய பன்னிரண்டு. கூடவா? இல்லை.

மூன்றாம் நாள், சய மூன்று. கூடவா? இல்லை.

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெட்டியை நான் ஒருபோதும் திறக்கப்போவதில்லை. எல்லா எண்ணும் சைபருக்குக் கீழே. கடைசியில் நான் சொல்லப்போவது சைபர். அந்த ஊரில் அந்தக் கிழமை எந்த நாளிலும் இல்லாத ஒரு எண்.

சரியான விடை எனக்குத் தெரியும். சற்று முன்தான் ஒருவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். நடுவர் எங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தாள் என் கையில் இருந்தது. அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சய மூன்று’ என்று சொன்னால் இறுதிச் சுற்றில் இரண்டு அணியும் சமன். முதற் சுற்றில் எங்களுக்கு ஒரு புள்ளி கூட. ஸ்ரெல்லாவுக்கு அந்த இடம் கிடைத்துவிடும்.

ஏழாம் நாள் வரை ஓட்டினேன். கடைசி வரி: சொல்லு.

பெட்டியைத் திறந்தேன். மெழுகுவர்த்தி வாசம் அடித்தது.

“சைபர்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நடுவர் கொஞ்சம் முன்னால் வந்தார். நல்ல மனிதர். குரலைத் தணித்துக்கொண்டு, “பிள்ளை, பதட்டப்படாமல் இன்னொருக்கா ஓட்டிப் பாக்கிறீரோ?” என்றார்.

ஸ்ரெல்லா என் முதுகில் கிள்ளினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது என்று அந்தக் கிள்ளில் தெரிந்தது. ஏழு நாளையும் மறுபடி ஓட்டினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அவ்வளவு நேரம் நான் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

“சைபர்தான் சேர்.”

அவர் தாளை வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு சிரித்தார்.

“உங்கட கொம்பியூட்டர் திறமாத்தான் வேலை செய்யுது. புரோகிராம்தான் பிழை.”

இரண்டாம் பரிசாக மூன்று அகராதி தந்தார்கள். கொடுக்கும்போது அவர், “சனிக்கிழமை காலமை கணினி சும்மாதான் இருக்கும். வந்து தட்டிப் பழகுங்கோவன்” என்றார். நாங்கள் தலையாட்டினோம். ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை.

திரும்பும் வழி

அன்றிரவு முள்ளிவாய்க்காலில் ஸ்ரெல்லா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பரந்தன் வீதியால் கிழக்கே சைக்கிள் உழக்கினோம். இப்போது ஸ்ரெல்லா என் கரியரில் இருக்கவில்லை. சுகந்தியின் சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

இரணைப்பாலை தாண்டினோம். பிறகு சுகந்தி அழத் தொடங்கினாள்.

“நான்தானே சைபரைப் போட்டது. என்ர பிழை.”

“நீ சும்மா இரு” என்றாள் ஸ்ரெல்லா. பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “உனக்கு விடை தெரியுமோ தெரியாதோ?”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“மூண்டாம் நாள்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“யோசிக்கக் கூடாதெண்டு நீதானே சத்தியம் வாங்கினனீ.”

ஸ்ரெல்லா சைக்கிளிலிருந்து குதித்து இறங்கினாள். வீதியோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது அவளுக்கு.

“விசரி” என்றாள். “ரெண்டு சாமியில வாங்கினது என்ர பிழை. ஒண்டோட விட்டிருக்க வேணும்.”

பிறகு வந்து என் கரியரில் ஏறிக்கொண்டாள். மீதி வழி முழுக்க என் முதுகில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் மீன்

ஸ்ரெல்லாவின் அம்மா வாசலில் குந்தியிருந்து மீன் தெரிந்து பிரித்துக்கொண்டிருந்தா. பெரியதைக் கறிக்கு ஒரு பக்கம், மற்றதைக் கருவாட்டுக்கு ஒரு பக்கம். எங்களைக் கண்டதும் முகத்தைப் பார்த்தா. கேட்காமலே தெரிந்துவிட்டது அவாவுக்கு.

“எத்தினையாவது?”

“ரெண்டாவது.”

“ஏன்?”

ஸ்ரெல்லா சொன்னாள். நெருப்புப் பெட்டி, சைபர், குளிர் ஊர், நான், எல்லாம். அவா மீனைத் தெரிந்துகொண்டே கேட்டா. முடிந்ததும், “விளங்கேல்லை. ஆகப் பெரிசைக் கண்டுபிடிக்கிறதுதானே?” என்றா.

“ஓமம்மா.”

“அதுக்கேன் சைபர்?”

“தொடங்கிறதுக்கு ஏதாவது வேணுமே அன்ரி” என்றாள் சுகந்தி. “எதோடயாவது பொருத்திப் பாக்க வேணும்.”

“வெறுங்கையோடயோ பொருத்திப் பாப்பாய்?” அவா குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்துக் காட்டினா. “இஞ்ச பார். முதலாவதா வாறதைக் கையில எடுக்கிறன். அடுத்தது இதைவிடப் பெரிசெண்டால் இதைப் போட்டிட்டு அதை எடுப்பன். இல்லாட்டி இதுவே கையில இருக்கும். கடைசியாக் கையில இருக்கிறதுதான் பெரிசு. மீன் எவ்வளவு சின்னனெண்டாலும் அதில பெரிசு ஒண்டு இருக்குந்தானே?”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுகந்தி வாயைத் திறந்தபடி நின்றாள். பெட்டியில் சைபரை வைக்காமல் முதல் நாளின் எண்ணையே வைத்திருந்தால் போதும். எந்த ஊரெண்டாலும் சரி வந்திருக்கும்.

“அம்மா, உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும்” என்றாள் ஸ்ரெல்லா.

“இதைப் படிக்கவோ ஆறு மாசம் அங்க போய்த் தங்கப் போறாய்? இது எனக்கே தெரியும்.” கையைக் கழுவினா. “முதலாவதா வந்தால் எண்டு சொன்னனான். வரேல்லை. சொன்னது சொன்னதுதான்.”

ஸ்ரெல்லா உள்ளே போய்விட்டாள். அப்போது நான் அந்த முற்றத்தில் நின்ற நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை. காலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டுக்குக் குசினியில் குந்தியிருந்தோம். சோறும் மீன் குழம்பும். ஸ்ரெல்லா சோற்றுக் கோப்பையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவாதான் கதையைத் தொடங்கினா. என்னைப் பார்த்து.

“நீ மற்றதைச் சொல்லியிருந்தால் ஆருக்கும் தெரிஞ்சிருக்குமோ?”

“இல்லை அன்ரி.”

“இவள் வெண்டிருப்பாள்.”

“ஓம் அன்ரி.”

“பிறகும் சொல்லேல்லை.”

என் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்தா. பெரிய துண்டு.

“அந்தச் சனிக்கிழமை எண்டு ஏதோ சொன்னியள். எத்தினை மணிக்கு?”

ஸ்ரெல்லா நிமிர்ந்தாள். சுகந்திக்குப் புரை ஏறிவிட்டது. இருமலுக்கிடையில், “காலமை அன்ரி, காலமை” என்றாள்.

“தங்கிறதெண்ட கதை இல்லை. போயிட்டு மத்தியானம் திரும்ப வேணும்.” சோற்றுக் கரண்டியை என் பக்கம் நீட்டினா. “இவள் கூடப் போனால் மட்டும். அங்க என்ன நடந்ததெண்டு நான் கேட்பன். இவள் உள்ளதைச் சொல்லுவாள்.”

சனிக்கிழமைகள்

அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். ஜெனரேற்றர் ஓடும் நாளில் தட்டுவாள் ஸ்ரெல்லா. ஓடாத நாளில் நான் பெட்டிகளை எடுப்பேன். ஸ்ரெல்லா வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் விசாரணை.

“இவள் ஆரோடயாவது நிண்டு கதைச்சவளோ?”

“ஓம் அன்ரி.”

“ஆரோட?”

“கொம்பியூட்டரோட அன்ரி. நல்லா ஏசினவள்.”

அவா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, சாப்பிடுங்கோ” என்பா.

அந்த வீடு இப்போது இல்லை. ஸ்ரெல்லாவின் அம்மாவும் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வரும்போது எழுதுவேன், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சுகந்தி கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிறாள். புதுப் பிள்ளைகளுக்கு ஆகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவாளாம். பாடசாலை அதிபர் ஒருமுறை மணம் தாங்காமல் முறைப்பட்டிருக்கிறார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. வீட்டில் இருந்து தைக்கிறேன். நூல், ஊசி, பித்தான் எல்லாம் நெருப்புப் பெட்டிகளில்தான். பெயர் எழுதி ஒட்டியிருப்பேன்.

ஸ்ரெல்லா கடல் தாண்டிப் போய்ப் பல வருடம். அங்கே ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் தட்டுகிறாள். இன்னமும் கோழி கொத்துவது போலத்தான் தட்டுவதாகப் பக்கத்து மேசைக்காரி சிரிப்பாளாம். மார்கழி பிறந்தால் கிழமைக்கு ஒருமுறை என்னை அழைப்பாள். சுகம் கேட்க மாட்டாள். நேராக எண்களைத் தொடங்குவாள்.

“திங்கள் சய ஒன்பது. செவ்வாய் சய பதினாலு. புதன் சய நாலு. வியாழன் சய பதினொண்டு...” ஏழு நாளும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்பாள். “சொல்லடி. ஆகக் கூடினது எவ்வளவு?”

தையல் மெசினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளையும் ஒழுங்காக ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்.

“சைபர்.”

அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும்.